ஆழமும் அனுபவமும்

நுழையும்முன்

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது மக்கள் வழக்கு. நீச்சல் அறியாதவருக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையாகவே இதனை நாம் கருதுகிறோம். நீச்சல் கைவந்தவருக்கும், நீரடியில் மூச்சுவிடும் கருவியைத் தோளில் சுமந்து செல்பவருக்கும் இது பொருந்தும். கடலடிக்குச் செல்வோர் தாம் இறங்கும் இடத்தின் கடுமையையும் தம் அனுபவத்தின் அளவையும் எவ்வாறு ஒப்பிட்டு முடிவெடுக்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓரிடம், இருமுகம்

எகிப்து நாட்டின் சினாய்த் தீவக்குறையில், செங்கடலின் கரையில் தகாப் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதன் வடக்கே ‘நீலக்குழி’ எனப் பெயர்பெற்ற ஓரிடம் உண்டு. கரையை ஒட்டிய பவளப்பாறைத் திட்டின் நடுவே ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்திற்கு இறங்கும் இயற்கைப் பள்ளம் அது. அங்குச் செல்வதற்குப் படகு வேண்டியதில்லை. கரையிலிருந்து சில அடி தூரம் நடந்தாலே அதன் விளிம்பை அடைந்துவிடலாம். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். விளிம்பில் வாழும் பவளங்களையும் வண்ண மீன்களையும் காண்பதற்காக நாள்தோறும் பலர் அங்கே மிதந்து மகிழ்கின்றனர்.

அதே கரையிலுள்ள பாறைச் சுவரில் நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அந்நீரில் மூழ்கி மீளாதவர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. அவர்களுள் பயிற்சி பெற்றவர்களும் உண்டு. பலர் மகிழ்ந்து திரும்பும் ஓரிடம் சிலருக்கு மட்டும் உயிர்கொல்லியாவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண, நீருக்கடியில் மனித உடலுக்கு நேர்வது என்ன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அழுத்தம் செய்யும் வேலை

கடல்மட்டத்தில் நம் உடலின்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் செயல்படுகிறது. கடலுக்குள் இறங்கும்போது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 10 மீட்டரில் இருமடங்கும், 20 மீட்டரில் மும்மடங்கும், 30 மீட்டரில் நான்மடங்கும் அழுத்தம் இருக்கும். அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் குறையும் என்னும் பாயிலின் விதியை அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். முக்குளிப்பவருக்கு அவ்விதி உயிர்க்கணக்கு.

நீரடியில் நுரையீரல் விரிய வேண்டுமெனில், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்று கிடைக்க வேண்டும். ஆகவே, ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சுக்கும் உருளையிலிருந்து மிகுதியான காற்று செலவாகிறது. 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையொன்றில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால், அதில் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று அடங்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சுவிடும் ஒருவருக்கு அக்காற்று கடல்மட்டத்தில் 120 நிமிடங்களுக்குப் போதும். 10 மீட்டரில் 60 நிமிடங்களுக்கும் 30 மீட்டரில் 30 நிமிடங்களுக்கும் மட்டுமே அது போதும். மேலேறி வருவதற்கென 600 லிட்டரை ஒதுக்கினால், 30 மீட்டரில் தங்கும் நேரம் 22 நிமிடங்களாகச் சுருங்கும். அச்சத்தால் மூச்சு விரைவுபட்டால் அதுவும் பாதியாகும்.

அழுத்தத்தின் விளைவு இத்துடன் முடிவதில்லை. ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே, மூச்சில் கலந்துள்ள நைட்ரஜன் மது உண்டவரைப்போல் அறிவை மயக்கத் தொடங்கும். இம்மயக்கம் துன்பமாகத் தோன்றாது. பலருக்கு இன்பமாகவே தோன்றும். அளவுமானியைப் பார்த்தும் அதன் பொருள் மனத்தில் பதியாத நிலை உண்டாகும். மேலும், ஆழத்தில் உடல் திசுக்களில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறினால் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இதற்கு அழுத்தக்குறைவு நோய் என்று பெயர். மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீட்டரிலிருந்து மேலேறினால், நுரையீரலிலுள்ள காற்று இருமடங்காக விரிய முயன்று நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவேதான், மூச்சை ஒருபோதும் அடக்காதே, மெல்ல மேலேறு என்பன முக்குளிப்பின் முதற்பாடங்களாயின.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் ழாக் குஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் 1943-இல் ‘அக்வாலங்’ என்னும் கருவியை உருவாக்கினர். ஆழத்திற்கேற்ற அழுத்தத்தில், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றை அளிக்கும் அமைப்பு அதிலிருந்தது. இன்றைய ‘ஸ்கூபா’ முக்குளிப்பு பரவுவதற்கு அதுவே வழிவகுத்தது.

இடத்தின் கடுமை

கடலடி இடமொன்றின் கடுமையை ஆழம் மட்டுமே முடிவு செய்வதில்லை. நீரோட்டத்தின் விசை, நீரின் தெளிவு, வெப்பநிலை, அலை, இறங்குவதற்கும் ஏறுவதற்குமான வசதி, தலைக்குமேல் திறந்த நீர் உள்ளதா அல்லது பாறையோ கப்பற்கூரையோ மூடியுள்ளதா என்னும் நிலை, மருத்துவ உதவிக்குள்ள தொலைவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றுள் ஒன்று மாறினாலும் இடத்தின் தன்மை மாறும். காலையில் அமைதியாக இருந்த இடம், ஓதம் திரும்பிய பின் மாலையில் வேறிடமாகிவிடும்.

ஐஸ்லாந்து நாட்டிலுள்ள சில்ப்ரா என்னும் பிளவு இதற்கு நல்ல சான்றாகும். வட அமெரிக்க, யுரேசிய நிலத்தட்டுகள் விலகிச் செல்லும் பகுதியில் அமைந்த அப்பிளவில், பனியாற்று நீர் எரிமலைப் பாறைகளின் ஊடே வடிந்து வந்து நிறைகிறது. அங்கு 100 மீட்டர் தொலைவிலுள்ள பொருளும் கண்ணுக்குப் புலனாகும். பெருவிசையுள்ள நீரோட்டம் இல்லை. பேராழத்திற்குச் செல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆனால், ஆண்டு முழுவதும் நீரின் வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியசு அளவிலேயே இருக்கும். அக்குளிரைத் தாங்க, நீர் உட்புகாத உலர் உடை அணிந்தாக வேண்டும். அவ்வுடையினுள் அடைபட்ட காற்றும் ஆழத்திற்கேற்பச் சுருங்கி விரியும். அதனைக் கட்டுப்படுத்தும் கலையை அறியாதவர், கால்கள் மேலாகப் புரண்டு கட்டுப்பாடின்றி மேலெழ நேரிடும். எனவே, உலர் உடையில் பயிற்சியோ அனுபவமோ பெற்றதற்கான சான்றைக் காட்டுபவரே அங்கு முக்குளிக்க இசைவு பெறுகின்றனர். வெப்பக்கடலில் நூறு முறை இறங்கியவரும், உலர் உடையை முதன்முறை அணியும்போது புதியவரே ஆவார்.

செங்கடலின் வடபகுதியில் மூழ்கிக் கிடக்கும் திசில்கார்ம் என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல் வேறு வகையான சோதனையை வைக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941 அக்டோபர் 6 அன்று செருமானிய வானூர்திகளின் குண்டுவீச்சில் அது மூழ்கியது. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், தான் சுமந்துவந்த சரக்குந்துகளோடும் மோட்டார் சைக்கிள்களோடும் அது இன்றும் கிடக்கிறது. அங்கு நீரோட்டம் பலநாள் வலிமையாக வீசும். கப்பலின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்ப்பது ஒரு நிலை; சரக்கறைக்குள் நுழைவது அடுத்த நிலை. உள்ளே நுழைந்தவர் இடர் நேரும்போது நேராக மேலேற இயலாது. வந்த வழியே திரும்பித்தான் வெளியேற வேண்டும். ஒரே கப்பல், ஒரே ஆழம். ஆயினும் கூரைக்கு வெளியேயும் உள்ளேயும் வேண்டப்படும் திறன் வெவ்வேறு.

அனுபவம் என்பது எது?

முக்குளிப்பைக் கற்பிக்கும் நிறுவனங்கள் படிப்படியான சான்றுகளை வழங்குகின்றன. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘பாடி’ என்னும் அமைப்பின் முறையில், தொடக்கச் சான்று பெற்றவர் 18 மீட்டர் வரையும், அடுத்த நிலைச் சான்று பெற்றவர் 30 மீட்டர் வரையும் செல்லலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். தொடக்கச் சான்றுக்குத் திறந்த நீரில் 4 முறையும் அடுத்த சான்றுக்கு 5 முறையும் முக்குளித்தால் போதும். இரண்டையும் அடுத்தடுத்து முடிக்கும் ஒருவர், 9 முறை மட்டுமே நீருக்குள் சென்றவராயினும், 30 மீட்டருக்கான அட்டையைக் கையில் வைத்திருப்பார்.

இதனால் சான்று பயனற்றது என்று பொருளன்று. பயிற்சி பெற்ற சூழலைப் போன்ற சூழலில், குறிப்பிட்ட எல்லைக்குள் முக்குளிக்கும் அடிப்படைத் தகுதி அவருக்கு உண்டு என்பதையே சான்று கூறுகிறது. அமைதியான விரிகுடாவில் கற்றவரைக் கொந்தளிக்கும் நீரோட்டத்திற்கு அது ஆயத்தப்படுத்திவிடுவதில்லை.

அவ்வாறாயின் அனுபவம் ஒருவருக்குத் தருவது யாது? துணிவு என்று பலர் விடை கூறுவர். துணிவைக் காட்டிலும் பெரிதாக அது தருவது, மீதமுள்ள கவனம். புதிதாக மிதிவண்டி ஓட்டுபவரின் முழுக்கவனமும் சமநிலையைக் காப்பதிலேயே செலவாகும். எதிரே வரும் வண்டியைக் கவனிக்க அவரிடம் கவனம் எஞ்சியிராது. முக்குளிப்பிலும் அவ்வாறே. மேலும் எழாமல், கீழும் அமிழாமல் நீரின் நடுவே நிற்பதற்கே புதியவர் போராடுவார். பழகியவருக்கு உடல் அதனைத் தானே செய்யும். அவருடைய கவனம் காற்றின் அளவிலும் ஆழத்திலும் துணைவரின் கண்களிலும் நீரோட்டத்தின் திசையிலும் நிலைத்திருக்கும்.

கடலடி விபத்துகளுள் பல ஒரே பேரிடரால் நேர்வதில்லை. முகக்கவசத்தினுள் சிறிது நீர் புகும், அதைச் சரிசெய்யும்போது ஆழம் கூடும், பதற்றத்தால் மூச்சு விரையும், காற்று குறையும், துணைவர் கண்ணிலிருந்து மறைவார். ஒவ்வொன்றும் தனித்தனியே எளிதில் தீர்க்கத்தக்க சிக்கலே. மீதமுள்ள கவனம் உடையவர் முதற்கண்ணியிலேயே இச்சங்கிலியை அறுத்துவிடுவார். அஃது இல்லாதவரைச் சங்கிலி முழுவதும் பிணித்துக்கொள்ளும்.

ஆகவே, அனுபவத்தை எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் கூடாது. எத்தகைய நீரில், எவ்வளவு ஆழத்தில், எத்தகைய நீரோட்டத்தில், எவ்வளவு அண்மையில் முக்குளித்தார் என்பன அனைத்தும் அளவுகோல்களே. இதற்கெனவே முக்குளிப்பவர்கள் குறிப்பேடு ஒன்றைப் பேணுகின்றனர். நாள், இடம், ஆழம், நேரம், நீரின் வெப்பநிலை, தெளிவு, செலவான காற்று ஆகியவற்றை அதில் பதிவு செய்கின்றனர். பொறுப்புள்ள வழிகாட்டி ஒருவர் சான்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளார். குறிப்பேட்டையும் புரட்டிப் பார்ப்பார். இறுதியாக எப்போது முக்குளித்தீர் என்று வினவுவார். முதல்நாள் எளிய இடத்தில் இறக்கி, அவர் நீரில் நிற்கும் பாங்கைக் கண்ணால் கண்ட பின்னரே கடினமான இடத்திற்கு அழைத்துச் செல்வார்.

கடலோர மக்களின் அறிவு

சான்றுகளும் அட்டைகளும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, கடலை நம்பி வாழ்ந்தோர் இவ்வறிவைப் பெற்றிருந்தனர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் எடையால் விரைந்து இறங்கினர்; கயிற்றின் மேல்முனையைப் படகிலிருந்த ஒருவர் பிடித்திருந்தார். கீழே இருப்பவரின் மூச்சுக்கு மேலே இருப்பவரின் விழிப்பே காவல்.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் ‘ஹேன்யோ’ எனப்படும் பெண்கள், மூச்சுக்கருவி எதுவுமின்றி ஏறத்தாழ 10 மீட்டர் ஆழம்வரை மூழ்கிச் சிப்பி வகைகளைச் சேகரிக்கின்றனர். அவர்கள் தம்மை அனுபவத்தின் அடிப்படையில் ஹாகுன், ஜுங்குன், சாங்குன் என மூன்று நிலைகளாகப் பகுத்துக்கொண்டுள்ளனர். முதிர்ந்த நிலையினரான சாங்குன் பெண்கள் மற்ற இரு நிலையினருக்கும் வழிகாட்டுகின்றனர். இந்நிலைகளைத் தீர்மானிப்பது தேர்வுத்தாள் அன்று. பல்லாண்டுகள் உடன்முழ்கியோரின் கண்கள். இப்பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் தொட்டுணர இயலா மரபுச்செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நால்வகை வலிமை

செயலில் இறங்குவதற்கு முன் எடைபோட வேண்டியவை எவை என்பதைத் திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் எடுத்துரைக்கிறது. செயல், தான், எதிர்நிற்பவர், துணைநிற்பவர் ஆகிய நான்கின் வலிமைகளையும் அது ஆராயச் சொல்கிறது. அரசனுக்குக் கூறப்பட்ட அவ்வறிவுரை முக்குளிப்பவருக்கும் வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது.

மேற்கொள்ளும் முக்குளிப்பின் ஆழமும் நேரமும் செயலின் வலிமை. பயிற்சி, அண்மைக்கால அனுபவம், அன்றைய உடல்நிலை, மனநிலை ஆகியன தன் வலிமை. நீரோட்டம், குளிர், இருள், மூடிய கூரை ஆகியன எதிர்நிற்கும் கடலின் வலிமை. உடன்வருபவரின் திறனும் படகிலிருப்போரின் விழிப்பும் துணையின் வலிமை. இருவர் இணைந்து செல்லும்போது, அவர்களுள் அனுபவம் குறைந்தவரின் அளவுக்கேற்பவே திட்டம் அமைய வேண்டும். வல்லவர் உடனிருக்கிறார் என்பதற்காகப் புதியவர் தம் எல்லையைக் கடத்தல் தவறு. வல்லவருக்கே இடர் நேர்ந்தால், அவரை மீட்க வேண்டியவர் அப்புதியவரே அல்லவா?

எல்லையை விரிவுபடுத்துவதற்கும் ஒழுங்குமுறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புதுமையை மட்டுமே மேற்கொள்ளுதல் அம்முறையாகும். ஆழத்தைக் கூட்ட விரும்புபவர், தெளிந்த அமைதியான நீரில் கூட்டுவர். இரவில் முக்குளிக்க விரும்புபவர், பகலில் பன்முறை பழகிய இடத்தையே தேர்ந்தெடுப்பர். ஆழமும் இருளும் நீரோட்டமும் புதிய கருவியும் ஒரே நாளில் ஒருங்கே வருமாயின், கற்பதற்கு இடமிராது, தப்பிப்பதே பாடாகிவிடும்.

குகைக்குள் ஒரு பாடம்

2018 சூன் 23 அன்று, தாய்லாந்து நாட்டின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் உள்ளே சிக்கினர். தாய்லாந்துக் கடற்படையின் வீரர்கள் மீட்புக்கு விரைந்தனர். அவர்கள் திறந்த கடலில் தேர்ந்தவர்கள். ஆயினும், சேறு கலந்து கண்தெரியாத நீரில், குறுகிய பாறை இடுக்குகளின் ஊடே செல்லும் குகை முக்குளிப்பு தனிக்கலை. ஆகவே, அக்கலையில் பல்லாண்டுகள் பழகியோர் பிற நாடுகளிலிருந்து வரவழைக்கப்பட்டனர். பிரித்தானியரான ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் ஆகிய இருவரும் சூலை 2 அன்று சிறுவர்களை உயிருடன் கண்டனர்.

காண்பதினும் மீட்பது கடினமாக இருந்தது. குகைக்குள் காற்றுருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் சூலை 6 அன்று உயிர்நீத்தார். வலிமை மிக்க வீரருக்கே அவ்விடம் எத்துணைக் கொடியது என்பதை அவருடைய ஈகம் உணர்த்தியது. குகையின் தன்மையை மாற்ற இயலாது. சில நாள்களில் சிறுவர்களைக் குகை முக்குளிப்பில் வல்லவர்களாக்கவும் இயலாது. எனவே மீட்புக்குழுவினர், சிறுவர்கள் முக்குளிக்க வேண்டிய தேவையே இல்லாத வழியைக் கண்டனர். மருத்துவர் அவர்களுக்கு மயக்கமருந்து அளித்தார். முழுமுகக் கவசம் அணிவிக்கப்பட்ட அவர்களை வல்லுநர்கள் ஒவ்வொருவராகச் சுமந்து வந்தனர். சூலை 10-க்குள் 13 பேரும் உயிருடன் வெளிவந்தனர். யாரால் எது இயலும், எது இயலாது என்பதை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்ட முடிவே அவர்களைக் காத்தது.

மீண்டும் நீலக்குழி

முதலில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை காணலாம். நீலக்குழியின் ஒருபுறச் சுவரில், ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில், ‘வளைவு’ எனப்படும் பாறை வாயில் உள்ளது. அதன்வழியே 26 மீட்டர் அளவு சென்றால் திறந்த கடலை அடையலாம். நீரின் தெளிவாலும் மறுமுனையிலிருந்து வரும் ஒளியாலும் அவ்வழி மிகக் குறுகியதாகத் தோன்றும். உண்மையில், அங்கு நிலவும் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் ஆறரை மடங்கு. நிமிடத்திற்கு 130 லிட்டர் காற்று செலவாகும். ஓர் உருளை முழுவதும் 18 நிமிடங்களுக்கே போதும். அதற்குள் இறங்கவும் கடக்கவும், உடலிலுள்ள நைட்ரஜன் வெளியேற இடையிடையே நின்று மேலேறவும் வேண்டும். நைட்ரஜன் மயக்கமோ கணக்கிடும் அறிவையே முன்னதாகக் கவர்ந்திருக்கும்.

ஹீலியம் கலந்த வளிக்கலவையும், பல உருளைகளும், தனிப்பயிற்சியும், நுணுக்கமான திட்டமும் கொண்டவர்கள் அவ்வளைவைக் கடந்து திரும்புகின்றனர். விளிம்பில் சில மீட்டர் ஆழத்தில் பவளங்களைக் கண்டு மகிழ்வோரும் நலமாகவே திரும்புகின்றனர். ஒற்றை உருளையோடு, ‘சற்று இறங்கிப் பார்க்கலாம்’ என்று எண்ணியவர்களுக்கே அவ்விடம் கொடியதாயிற்று. கடுமை, குழியில் மட்டும் இல்லை. மனிதரிடத்தில் மட்டும் இல்லை. இரண்டிற்கும் இடையேயுள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது.

திரும்பும் உரிமை

குகை முக்குளிப்பவர்களிடையே நெறியொன்று உண்டு. குழுவிலுள்ள எவரும், எந்நேரத்திலும், எக்காரணத்திற்காகவும் முக்குளிப்பை நிறுத்தலாம். அவரிடம் எவரும் காரணம் கேட்டு வற்புறுத்தலாகாது என்பதே அது. நீரில் இறங்கியவரை அழுத்தும் சுமைகளுள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, பிறர் நகைப்பரோ என்னும் நாணம். பணம் செலுத்தியாயிற்று, நெடுந்தொலைவு வந்தாயிற்று, நண்பர்கள் அனைவரும் இறங்குகின்றனர் என்னும் எண்ணங்கள், ‘எனக்கு இன்று இயலாது’ என்னும் சொல்லைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகின்றன. அந்நெறி இந்நாணத்தை நீக்குகிறது.

இன்று எட்டாத இடம் என்றும் எட்டாத இடம் அன்று. முறையான பயிற்சியாலும் படிப்படியான பழக்கத்தாலும் எல்லை விரியும். அதுவரை கடல் அங்கேயே காத்திருக்கும். படகிலிருந்து இறங்காமல் திரும்பியவர், குறிப்பேட்டில் அந்நாளையும் பதிவு செய்வாராயின், அதுவும் அவருடைய அனுபவத்தின் ஒரு பக்கமே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் உருளையுடன், நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சுவிடும் ஒருவர் 20 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம்? 600 லிட்டரை ஒதுக்கிக் கணக்கிடுக.

2. ‘அனுபவம் தருவது மீதமுள்ள கவனம்’ என்னும் கருத்தை, நீங்கள் அறிந்த வேறொரு தொழிலோடு பொருத்தி ஒரு பத்தி எழுதுக.

3. சில்ப்ரா, திசில்கார்ம், நீலக்குழி ஆகிய மூன்று இடங்களின் கடுமைக்குரிய காரணங்களை அட்டவணைப்படுத்துக.

4. ‘பின்வாங்குதல் தோல்வியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.